உனக்கு எப்படித் தெரியும்?

இதழியல் படிக்கப் போவதாகச் சொல்லும் இளைஞர்களுக்கு வீட்டிலும் வெளியிலும் கிடைக்கிற முதல் பதில் பெரும்பாலும் இதுதான்: "எழுத வந்தால் போதுமே, அதற்கு எதற்கு ஒரு பட்டம்?" செய்தி அறைகளிலும் இந்தக் குரல் உண்டு. வேலையில் சேர்ந்து, திட்டு வாங்கி, அப்படியே தொழிலைக் கற்றுக்கொண்ட மூத்த நிருபர்கள் பலர், வகுப்பறையில் நிருபரை உருவாக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறார்கள். அவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வேலைக்கு வந்த பிறகு நான் கற்றதில் பெரும்பகுதி அவர்களிடம்தான். ஆனாலும், பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்து, பல வருடங்களாகச் செய்தி டெஸ்கில் உட்கார்ந்திருந்து, அவ்வப்போது மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கும் எனக்கு இந்தப் படிப்பின் மீதான நம்பிக்கை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் தெளிவு வேண்டும். நன்றாக எழுதுவதற்காக இந்தப் பட்டம் தேவையில்லை. எழுத்து என்பது வாசித்து வாசித்து வருவது. வகுப்பில் அது கொஞ்சம் செதுக்கப்படும், அவ்வளவுதான். நல்ல இதழியல் துறை தருவது வேறு. நீங்கள் எழுதித் தரும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று எழுதித் திருப்பித் தருகிற ஓர் ஆள் அங்கே இருப்பார். அதுவும் ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு வருடங்களுக்கு. வேலையில் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. பக்கம் அச்சுக்குப் போக அரை மணி நேரம் இருக்கும்போது உதவி ஆசிரியர் உங்கள் பிழையைத் திருத்துவாரே தவிர, அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து விளக்க மாட்டார்.

இந்தச் சண்டை புதியதும் அல்ல. அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளி தொடங்குவதற்குப் பெரும் பணம் தர முன்வந்தபோது பத்திரிகைக்காரர்களே எதிர்த்தார்கள். 1904-இல் அவர் அதற்கு நீண்ட பதில் ஒன்று எழுதினார். பத்திரிகையாளர் பிறக்கிறார், உருவாக்கப்படுவதில்லை என்ற வாதத்தை எடுத்துக்கொண்டு, பிறந்துவிட்டதாலேயே ஒருவருக்குத் தகுதி வந்துவிடுகிற பதவி முட்டாள் பதவி ஒன்றுதான் என்கிற பொருளில் அதில் சொல்கிறார். 1911-இல் அவர் இறந்துபோனார். பள்ளி 1912-இல் திறந்தது. அதற்குள் மிசோரி பல்கலைக்கழகம் முந்திக்கொண்டு, 1908-இலேயே தனியாக ஓர் இதழியல் பள்ளியைத் தொடங்கியிருந்தது. அதன் முதல் தலைவர் வால்டர் வில்லியம்ஸ் கல்லூரியில் படித்தவரே இல்லை. அச்சுக்கூடத்திலிருந்து மேலே வந்த மனிதர். பட்டம் இல்லாமலே தொழிலில் உயர்ந்த ஒருவர், தனக்குக் கிடைக்காதது அடுத்தவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். மிசோரியில் வகுப்பு தொடங்கிய முதல் நாளே மாணவர்கள் சொந்தமாக ஒரு நாளிதழையும் கொண்டுவந்துவிட்டார்கள். பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன் பத்திரிகை வந்துவிட்டது! இந்தப் படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சரியான தொடக்கம் அதுதான்.

என் படிப்பில் எனக்கு மறக்கவே முடியாத வகுப்பு, செய்தி எழுதும் பயிற்சி. நாளிதழ் ஒன்றில் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்த ஒரு மேடம் அதை எடுத்தார். ஒருநாள் அவர் தீயணைப்பு அதிகாரியாக நடித்தார். ஒரு சரக்குக் கிடங்கில் தீ. நாங்கள் நிருபர்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார், கேட்காததை அவராகச் சொல்ல மாட்டார். அதுதான் விதி.

"எத்தனை மணிக்குத் தீப்பிடித்தது?" என்று ஒருவர் கேட்டார். "அதிகாலை 3.40-க்கு எங்களுக்கு அழைப்பு வந்தது" என்றார். அத்தனை பேரும் குறித்துக்கொண்டோம். "உயிர்ச்சேதம்?" "யாரும் இறந்ததாக இதுவரை எங்களுக்குத் தகவல் இல்லை." அதையும் குறித்துக்கொண்டோம். "மின்கசிவுதான் காரணமா?" "விசாரணை நடக்கிறது. மின்பெட்டிப் பக்கம் புகை வந்ததாகக் காவலாளிகளில் ஒருவர் சொன்னார்." பரபரவென்று எழுதினோம். சேத மதிப்பு, எத்தனை வண்டிகள் வந்தன, அணைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. நேரம் முடிந்தது. அரை மணி நேரத்தில் செய்தியை எழுதிக் கொடுத்தோம்.

மேடம் தாள்களைப் புரட்டிவிட்டு மூன்றே விஷயங்கள் சொன்னார். முதலாவது, "3.40-க்குத் தீப்பிடித்தது" என்று எழுதியவர்களைப் பார்த்து: "எனக்குப் போன் வந்த நேரத்தைத்தான் நான் சொன்னேன். தீ எப்போ பிடிச்சதுன்னு எனக்கே தெரியாதே." இரண்டாவது, "உயிர்ச்சேதம் இல்லை" என்று தலைப்பிட்டவர்களிடம்: "இதுவரை தகவல் இல்லைன்னு சொன்னேன். இல்லவே இல்லைன்னு நான் எப்போ சொன்னேன்?" மூன்றாவதைச் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "காவலாளிகளில் ஒருவர்னு சொன்னேன். இன்னொருத்தர் எங்கேன்னு யாராவது கேட்டீங்களா?" தன் கையிலிருந்த குறிப்புத் தாளைத் திருப்பிக் காட்டினார். இரண்டாவது காவலாளியைக் காணவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அன்றைய செய்தியே அதுதான்.

இதை வேலையில் கற்றுக்கொள்ள முடியாதா? முடியும். ஆனால் அங்கே அந்த இரண்டாவது காவலாளி நிஜமானவர். அவருடைய குடும்பம் காலையில் அந்தச் செய்தியைப் படிக்கும். தப்பு செய்து கற்றுக்கொள்வதற்கு, யாருக்கும் காயம்படாத ஓர் இடம் வேண்டும். மருத்துவ மாணவர்களுக்கு அப்படி ஓர் இடம் தேவை என்றால் யாரும் மறுப்பதில்லை. இதழியல் என்றால் மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பெயர் விஷயத்திலும் அப்படித்தான். செய்தியில் ஒருவரின் பெயர் தப்பாக இருந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதிப்பெண் கிடையாது என்று பல இதழியல் பள்ளிகளில் விதியே வைத்திருக்கிறார்கள். சேரும்போது அது கொடுமையாகத் தெரியும். இன்று நான் வகுப்பெடுக்கும்போது நானும் அதே விதியைத்தான் வைத்திருக்கிறேன். பெரும்பாலான மனிதர்களின் பெயர் வாழ்நாளில் ஒருமுறையோ இரண்டுமுறையோதான் அச்சில் வருகிறது. அவர்கள் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதில் எழுத்து மாறியிருந்தால் அவர்களுக்கு அது சின்னப் பிழை இல்லை.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணக்கு வராது என்பதால் இதழியலுக்கு வந்தேன் என்று சொல்லும் மாணவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களிடம் நான் அன்போடு, ஆனால் கண்டிப்பாகச் சொல்வது: புள்ளியியலில் ஒரு தாளையாவது எடுங்கள். வேலையின்மை 10 சதவீதத்திலிருந்து 12 சதவீதமானால் அது 2 சதவீதப் புள்ளி உயர்வு. அதையே 20 சதவீத உயர்வு என்றும் சொல்லலாம், இரண்டும் சரி. ஆட்சியில் இருப்பவர் முதலாவதைச் சொல்வார், எதிரில் இருப்பவர் இரண்டாவதைச் சொல்வார். "2 சதவீதம் உயர்ந்தது" என்று மட்டும் எழுதினால் அது தப்பு. தேர்தல் கருத்துக் கணிப்பில் ஏறத்தாழ 1,000 பேரைக் கேட்டிருந்தால், பிழை வரம்பு, அதாவது கணிப்பு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, மேலும் கீழும் சுமார் 3 புள்ளிகள் வரும். அந்த நிலையில் ஒருவருக்கு 46, மற்றவருக்கு 44 என்றால், முதலாமவர் முன்னிலை என்று தலைப்புப் போட நமக்கு ஆதாரம் இல்லை. இவ்வளவு தெரிந்திருந்தாலே, எந்தச் செய்தி அறையிலும் உங்கள் மேசைக்கு ஆட்கள் சந்தேகம் கேட்டு வருவார்கள். எழுத்துநடைக்காக யாரும் அப்படி வருவதில்லை.

அப்புறம், சரிபார்ப்பு. இந்தப் படிப்பின் உயிர்நாடி அதுதான் என்று நினைக்கிறேன். அதில் தவறிய கதைகளை விரிவாகப் பிரித்துப் படிக்கும் வசதி பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. 1981-இல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜேனட் குக், ஹெராயினுக்கு அடிமையான 8 வயதுச் சிறுவன் பற்றிய கட்டுரைக்காக, அமெரிக்க இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசு பெற்றார். அப்படி ஒரு சிறுவனே இல்லை. பரிசு திருப்பித் தரப்பட்டது. விஷயம் வெளியே வந்தது எப்படித் தெரியுமா? பரிசையொட்டி வெளியான அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் படிப்பு விவரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பெரிய பொய், சின்னத் தகவலில் மாட்டிக்கொண்டது. 2018-இல் ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் இதழில் கிளாஸ் ரெலோட்டியஸ் என்ற பரிசுகள் குவித்த செய்தியாளர் வருடக்கணக்கில் மனிதர்களையும் உரையாடல்களையும் புனைந்து எழுதியது வெளிவந்தது. அந்த இதழில் தகவல் சரிபார்ப்புக்கென்றே பெரிய தனிப்பிரிவு இருந்தது. அதையும் தாண்டித்தான் அவர் எழுதியிருக்கிறார். கண்டுபிடித்தது அவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிய ஹுவான் மொரேனோ. அலுவலகம் முதலில் நம்பாதபோதும், தானே நேரில் போய் ஆட்களைச் சந்தித்து உறுதி செய்தார்.

இவை இரண்டும் பொய் சொன்னவர்களின் கதைகள். மாணவர்களோடு நான் அதிக நேரம் செலவிடுவது வேறொன்றில். அதில் நிருபர் எதையும் இட்டுக்கட்டவில்லை. 2014 நவம்பரில் ரோலிங் ஸ்டோன் இதழ், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி ஓர் இரவில் மாணவர் அமைப்பு ஒன்றின் இல்லத்தில் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானதாக நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. சில வாரங்களில் அது ஆட்டம் கண்டது. என்ன தவறு நடந்தது என்று ஆராய்ந்து சொல்லும்படி அந்த இதழே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளியைக் கேட்டுக்கொண்டது. 2015 ஏப்ரலில் அறிக்கை வந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

அந்த அறிக்கையை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். அன்றிரவு அந்த மாணவியைச் சந்தித்ததாகக் கட்டுரை சொல்லும் நண்பர்கள் மூன்று பேர். அவர்களின் பேச்சு மேற்கோளாகவே வந்திருக்கிறது. ஆனால் நிருபர் அந்த மூவரில் ஒருவரிடம்கூட நேரடியாகப் பேசவில்லை. பேசியிருந்தால் அங்கேயே சந்தேகம் எழுந்திருக்கும். குற்றம் சாட்டப்பட்ட மாணவர் அமைப்பிடம் கருத்துக் கேட்டபோதும், குறிப்பாக என்ன நாளில் என்ன நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்ற விவரத்தைத் தரவில்லை. விவரம் தெரிந்தால்தானே அவர்கள் மறுக்கவோ ஒப்புக்கொள்ளவோ முடியும்? நிருபரோ ஆசிரியர்களோ வேண்டுமென்றே பொய் எழுதியதாக அந்த அறிக்கை சொல்லவில்லை. துன்பப்பட்ட ஒருவரை மேலும் கேள்வி கேட்டு வருத்த வேண்டாம் என்ற பரிவும் அதற்குள் இருந்தது. அந்தப் பரிவுதான் சரிபார்ப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் வகுப்பில் எப்போதும் வாக்குவாதம் வரும். பாதிக்கப்பட்டவரைச் சந்தேகிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். கோபத்தோடும் கேட்பார்கள், அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும். நான் சொல்வது: ஒருவர் சொல்வதை முழுமையாகச் சரிபார்ப்பதுதான் நாம் அவருக்குத் தரக்கூடிய பாதுகாப்பு. சரிபார்க்காமல் அச்சிட்டால், நாளை எழும் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதோடு, அடுத்து முன்வந்து பேசப்போகும் எத்தனையோ பெண்களையும் நம்ப மறுப்பதற்கு அது ஒரு சாக்காகிவிடும். இந்த விவாதம் ஒரு வகுப்பு நேரத்தில் முடியாது. முடியவும் கூடாது. வேலைக்குப் போனபின் இப்படி ஓர் அறிக்கையை வரிவரியாகப் படித்து, இருபது பேர் சேர்ந்து சண்டை போட யாருக்கு வாய்க்கும்?

கோட்பாட்டுத் தாள்களை மாணவர்கள் வேண்டாவெறுப்பாகப் படிக்கிறார்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வைத்தால் வேறென்ன ஆகும்? ஆனால் அந்தக் கோட்பாடுகளின் பின்னால் இருக்கும் ஆய்வுகள் சுவையானவை. டேவிட் மேனிங் வைட் என்ற ஆய்வாளர் 1950-இல் வெளியிட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு நகர நாளிதழ் ஒன்றின் செய்தி ஆசிரியரிடம், ஒரு வாரம் முழுக்கச் செய்தி நிறுவனங்களிலிருந்து வந்து, பக்கத்தில் போடாமல் விட்டதையெல்லாம் எடுத்துவைக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் ஏன் விட்டார் என்று தாளின் மேலேயே எழுதவும் சொன்னார். வந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அச்சாகியிருந்தது. இடமில்லை என்பது ஒரு காரணம். ஆனால் பல தாள்களில் அந்த ஆசிரியரின் சொந்த விருப்பு வெறுப்புதான் காரணமாக எழுதப்பட்டிருந்தது. 'வாயிற்காவலர்' கோட்பாடு என்று நாம் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படிப்பது இதைத்தான். இதை மாணவர்களைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள்: ஒரு நாள் வந்த அத்தனை செய்திகளையும் கொடுத்து, பக்கம் கட்டச் சொல்லி, விட்டதற்கெல்லாம் காரணம் எழுதச் சொல்லுங்கள். தன் கையெழுத்தில் தன் சாய்வைப் பார்க்கும்போது ஒரு மாணவர் அடையும் அதிர்ச்சி எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

1968-இல் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் எது முக்கியப் பிரச்சினை என்று கேட்டு, அவர்கள் சொன்ன வரிசையை ஊடகங்கள் முக்கியத்துவம் கொடுத்த வரிசையோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் மிக நெருக்கமாக ஒத்துப்போயின. 1965-இல் கால்டுங், ரூகே என்ற நார்வே ஆய்வாளர்கள் காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகள் பற்றி நார்வே நாளிதழ்களில் வந்ததை ஆராய்ந்து, ஒரு நிகழ்வு எப்படிச் செய்தியாகிறது என்று கேட்டார்கள். டெஸ்கில் உட்கார்ந்து, எங்கோ தொலைவில் நூறு பேர் இறந்த செய்தியை ஒற்றைப் பத்தியாகவும், அருகில் நடந்த சிறு சம்பவத்தை முதல் பக்கத்திலும் வைக்கும் இரவுகளில் இந்த ஆய்வுகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அப்படி நினைவுக்கு வந்ததாலேயே சில இரவுகளில் பக்கம் மாறியிருக்கிறது.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, தனியுரிமை, தகவல் தந்தவரைக் காப்பது ஆகியவை நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டுச் சட்டம் எதுவோ அதைத் தேர்வுக்காக இல்லாமல் பயன்படுத்துவதற்காகப் படியுங்கள். அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிய முதல் நாடு சுவீடன், 1766-இல். இன்று 100-க்கும் அதிகமான நாடுகளில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. படிக்கும் காலத்திலேயே ஒரு விண்ணப்பமாவது போட்டு, அது மறுக்கப்பட்டால் மேல்முறையீடும் செய்துபார்த்துவிடுங்கள். அலுவலகங்கள் எப்படிப் பதில் தராமல் பதில் தருகின்றன என்பது அப்போதுதான் புரியும்.

சுருக்கெழுத்து பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பிரிட்டனில் பத்திரிகையாளர்களுக்கான பயிற்சி அமைப்பான என்சிடிஜே தரும் பயிற்சியில் நிமிடத்துக்கு 100 சொற்கள் என்ற அளவை இன்றும் உயர்ந்த தரமாக வைத்திருக்கிறார்கள். செல்போனில் பதிவு செய்யும் காலத்தில் இது எதற்கு என்றால், பல நீதிமன்றங்களில் பதிவுக் கருவிக்கு அனுமதி இல்லை. நேரம் இருந்தால் கற்றுக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இந்தப் பட்டம் எதற்கு என்பது புதிய கேள்வி. எழுதுவதுதான் நம் தொழில் என்று நினைத்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் இணைப்பிதழில் கோடைக்கால வாசிப்புக்கான பட்டியல் ஒன்று வந்தது. அதில் 15 புத்தகங்கள். அவற்றில் 5 மட்டுமே உண்மையில் உள்ளவை. மற்றவை பிரபல எழுத்தாளர்களின் பெயரில் இயந்திரம் கற்பனை செய்தவை. வெளி நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கிய பக்கங்கள் அவை. எழுதியவரும் பார்க்கவில்லை, வாங்கியவர்களும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தலைப்பையும் ஒரு நூலகப் பட்டியலில் தட்டிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை. வாக்கியங்கள் எல்லாம் சரளமாக இருந்தன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சரளம் மலிவாகிவிட்டது. "எப்படித் தெரியும்?" என்று கேட்பவருக்குத்தான் இனி வேலை அதிகம்.

இவ்வளவு சொன்னபிறகு, பட்டம் எதைத் தராது என்பதையும் சொல்லியாக வேண்டும். தகவல் தருபவர்களின் நம்பிக்கையை அது தராது. அது ஆட்களைப் போய்ப் பார்த்து, செய்தி இல்லாத நாளிலும் பேசி, வருடக்கணக்கில் சேர்ப்பது. இழவு வீட்டுக் கதவைத் தட்டும்போது என்ன பேசுவது என்பதை ஓரளவுதான் சொல்லிக்கொடுக்க முடியும். வேலையையும் அது உறுதி செய்யாது. அச்சு விளம்பரம் சுருங்கிய பிறகு உலகம் முழுக்கச் செய்தி அறைகள் ஆட்களைக் குறைத்திருக்கின்றன. சம்பளம் பெரிதாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னோடு படித்தவர்களில் பலர் இன்று ஆய்வு நிறுவனங்களிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் இருக்கிறார்கள். ஆனால், அவர்களில் ஒருவர்கூடப் படித்தது வீண் என்று என்னிடம் சொன்னதில்லை. ஓர் ஆவணத்தைப் பார்த்தவுடன், இதை யார் எழுதினார்கள், எதற்காக, எதை விட்டிருக்கிறார்கள் என்று கேட்கும் பழக்கம் எந்த மேசையிலும் உதவுகிறது.

எல்லாத் துறைகளும் நல்ல துறைகள் இல்லை என்பதும் உண்மை. ஸ்டுடியோவும் கேமராவும் பளபளக்கிற கட்டடத்தைக் காட்டிச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. கருவியை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், ஐந்து வருடத்தில் அது மாறியும் போகும். சேர்வதற்கு முன் அங்கே படிக்கிற மாணவர்களைப் பிடித்துப் பேசுங்கள். போன பருவத்தில் எத்தனை செய்திகள் எழுதினீர்கள், அவற்றில் எத்தனை திருத்தங்களோடு திரும்பி வந்தன என்று கேளுங்கள். ஒரு தாளையாவது காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் கேள்விகள் இருந்தால் தைரியமாகச் சேரலாம். வெறும் மதிப்பெண் மட்டும் இருந்தால் யோசியுங்கள். பாடம் நடத்துபவர்களில் செய்தி அறையில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்கலாம். ஆனால் அவர்கள் மட்டுமே இருந்தாலும் போதாது. வரலாறும் பொருளாதாரமும் புள்ளியியலும் சொல்லித்தர அந்தந்தத் துறை ஆட்கள் வேண்டும். யுனெஸ்கோ 2007-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டமும் இதழியல் மாணவருக்குத் தொழில் பயிற்சியோடு வேறொரு துறையில் ஆழ்ந்த அறிவும் வேண்டும் என்றுதான் சொல்கிறது. இரண்டாவது பாடமாக எதை எடுக்கலாம் என்று கேட்டால் பொது சுகாதாரம், சட்டம், பொருளாதாரம் என்று நான் சொல்வேன். வேறு எதிலாவது உங்களுக்கு உண்மையான பித்து இருந்தால் அதையே எடுங்கள்.

முக்கியமாக, மாணவர் பத்திரிகை இருக்கிறதா என்று பாருங்கள். அது நிர்வாகத்தின் செய்தி மடலாக இருக்கக்கூடாது. விடுதிக் கட்டணம் ஏன் ஏறியது என்று துணைவேந்தரிடம் கேட்டு எழுத முடிகிற பத்திரிகையாக இருக்க வேண்டும். உங்களைவிட அதிகாரம் உள்ள ஒருவரிடம், அவர் விரும்பாத கேள்வியை மரியாதையாகக் கேட்டு, அவர் மழுப்பினால் அதே கேள்வியைக் குரல் உயர்த்தாமல் இன்னொரு முறை கேட்பது பழக்கத்தால்தான் வரும். அடுத்த நாள் அவரை வளாகத்தில் எதிரே பார்த்து வணக்கம் சொல்லவும் வேண்டியிருக்கும். எழுதப்பட்டவர்கள் நடந்துபோகும் அதே பாதையில் எழுதியவரும் நடக்க வேண்டியிருப்பது பெரிய பாடம். பெரிய பத்திரிகைகளில் அந்த வாய்ப்பு குறைவு.

கடைசி ஆண்டில் ஆய்வேடு எழுதுவதா, செய்தித் திட்டம் செய்வதா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மேலே ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் இல்லாதவர்கள் செய்தித் திட்டத்தை எடுங்கள். ஒரே ஒரு நீண்ட கட்டுரை போதும். அதோடு இன்னொரு கோப்பும் தயார் செய்யுங்கள்: கட்டுரையின் ஒவ்வொரு வரிக்கும் நேராக, அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு. யார் சொன்னார், எப்போது சொன்னார், அவருக்கு அது நேரடியாகத் தெரியுமா இல்லை கேள்விப்பட்டதா, எந்த ஆவணத்தின் எத்தனையாவது பக்கம், எதிர்த்தரப்பிடம் கேட்ட கேள்வி என்ன, அவர்கள் சொன்ன பதில் என்ன, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆதாரம் எழுத முடியாத வரிகளை வெட்டிவிடுங்கள். நல்ல வரிகள் சில போகும், வலிக்கும், போகட்டும். வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்போது இரண்டையும் கையில் எடுத்துப் போங்கள். நான் உட்கார்ந்திருந்த தேர்வுக் குழுக்களில், இப்படி ஒருவர் கொண்டுவந்தபோதெல்லாம், கட்டுரையை வேகமாகப் படித்துவிட்டு அந்தக் கோப்பைத்தான் நிதானமாகப் புரட்டியிருக்கிறோம்.